ஆச்சி பேரு போட்ட பாட்டில்

போன வாரம் சென்னையில ஒரு கல்யாண ரிசப்ஷன். பெரிய மண்டபம். உள்ள நுழையுற இடத்துலயே பானிபூரி, பஞ்சுமிட்டாய், ஐஸ் கோலான்னு வரிசையா வச்சிருந்தாங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு தள்ளுவண்டி. (நெஜ வண்டி இல்ல. ப்ளைவுட்ல செஞ்சு பெயின்ட் அடிச்ச செட்டு.) மேல போர்டு: கோலி சோடா.

எனக்குன்னா ஒரே குஷி. பட்டுப்புடவையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடினேன்.

"என்ன ஃப்ளேவர் மேடம்? ப்ளூபெர்ரி, மொஹிட்டோ, வாட்டர்மெலன்."

"பன்னீர் இல்லையா தம்பி?"

"பன்னீர் டிக்கா அந்தப் பக்கம் மேடம், லைவ் கவுண்டர்."

சரி, அவரு சின்னப் பையன். மன்னிச்சாச்சு. ப்ளூபெர்ரியே குடிச்சேன். (இருமல் மருந்துல கேஸ் அடிச்சு வச்சிருந்தாங்க. அதையும் மன்னிச்சாச்சு.) குடிச்சு முடிச்சு பாட்டிலை அவர்கிட்ட நீட்டினேன். வாங்கல. "அதுல போட்ருங்க மேடம்"னு பக்கத்துல ஒரு நீல ட்ரம்மைக் காட்டினாரு. எட்டிப் பாத்தேன். கண்ணாடி பாட்டில், நல்ல பாட்டில், உள்ள கோலியோட, குவியலாக் கிடக்கு. பாதி தின்ன ஜிலேபி, பேப்பர் தட்டு, கசங்கின டிஷ்யூ எல்லாத்துக்கும் நடுவுல.

அங்கதான் எனக்கு ஏறுச்சு.

"திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டீங்களா?"ன்னு கேட்டேன். "ஒன் டைம் யூஸ் மேடம்"னாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பொருமிக்கிட்டே வந்தேன். வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கிட்டே, "மொய் எழுதினது கூட உனக்கு இவ்ளோ வலிக்கலையே, ஒரு பாட்டிலுக்கா?"ன்னாரு.

அவரு என்ன பண்ணுவாரு பாவம். அவங்க குடும்பம் வாத்தியார் குடும்பம். நான் சோடாக்காரர் பேத்தி.

எங்க தாத்தாவுக்கு சங்கரன்கோவில்ல சோடா கம்பெனி. கம்பெனின்னதும் பெரிசா நெனச்சுக்காதீங்க. வீட்டுக்குப் பின்னால ஓடு போட்ட நீளக் கொட்டகை. நடுவுல இரும்பு மெஷின் ஒண்ணு, ஓரத்துல கேஸ் சிலிண்டர், ரெண்டு சிமென்ட் தொட்டி, கூரை வரைக்கும் மரப்பெட்டி. வேலைக்கு நாலஞ்சு பேரு. எங்க பக்கம் இதுக்குப் பேரு கம்பெனி. தீப்பெட்டி ஒட்டுற எடத்தையே தீப்பெட்டி ஆபீஸ்னு சொல்ற ஊருங்க. அந்த ஆபீஸ்ல உக்கார நாற்காலி கூட இருக்காது.

கம்பெனிக்கு ஆச்சி பேரு. (எங்க ஊர்ல பாட்டியை ஆச்சின்னுதான் கூப்புடுவோம்.) 1960கள் ஆரம்பத்துல, கல்யாணமான புதுசுல தொடங்கினது. உத்தரப்பிரதேசத்துல இருக்கற கண்ணாடி பாக்டரிக்கு லெட்டர் எழுதிப் போட்டு, பாட்டில் அச்சுலயே ஆச்சி பேரைப் போட்டு ஊத்தச் சொல்லியிருக்காரு. ரெண்டு மாசம் கழிச்சு லாரியில வைக்கோல் பொதிஞ்சு வந்து இறங்கியிருக்கு. எடுத்துப் பாத்தா இங்கிலீஷ்ல ஒரு எழுத்து மாறிப் போச்சு. அத்தனை பாட்டில்லயும்.

தாத்தா அசரல. "வடக்கத்தியானுக்கு நம்ம பேரு வாயில நுழையாது"ன்னு விட்டுட்டாரு.

ஆச்சி அசந்துட்டாங்க. கடைசி வரைக்கும், "அது எம்பேரே இல்ல, அவரு யார நெனச்சுப் போட்டாரோ"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இன்னொரு குறை வேற: "ஊர்ல உள்ள தடியனெல்லாம் எம்பேர வாயில வச்சு உறிஞ்சுதான். பஸ் ஸ்டாண்டுல உருளுது, சாக்கடைல கிடக்கு. ஒரு பொம்பள பேர இப்படியா சீரழிப்பாக?"

தாத்தா சிரிச்சுக்கிட்டே, "அதான் தெனமும் தேடிப் போய்க் கூட்டிட்டு வாரேன்ல"ன்னுவாரு.

கூட்டிட்டு வாரேன்னு அவரு சொன்னது பாட்டிலை. அதுதான் அவரோட நெஜமான தொழில். சோடா போடுறது காலையில ரெண்டு மூணு மணி நேர வேலை. மிச்ச நாள் பூரா பாட்டிலைத் திருப்பி வாங்குறதுதான்.

கோலி பாட்டிலைப் பாக்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். (எனக்குத் தெரியும், 2000க்கு அப்புறம் பொறந்தவங்களும் இதைப் படிக்கறீங்க. படத்தோட பேருன்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருப்பீங்க.) தடிமனான கண்ணாடி. கழுத்துல ஒரு இறுக்கம், அதுக்கு மேல ரெண்டு குழி. உள்ள ஒரு கண்ணாடிக் கோலி. வாய்க்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வாஷர். அவ்ளோதான், மூடியே கிடையாது. உள்ள இருக்கற கேஸே கோலியை மேல தள்ளி வாஷரோட ஒட்ட வச்சு அடைச்சுக்கும். விரலாலயோ கட்டையாலயோ ஒரு அமுக்கு. டப். சோடாவை நாங்க திறக்க மாட்டோம், உடைப்போம். "அண்ணாச்சி, ஒரு சோடா உடையும்."

குடிக்கும்போது குழி இருக்கற பக்கம் கீழ வரணும். அப்பதான் கோலி அதுல உக்காந்துக்கும். மாத்திப் புடிச்சா கோலி வந்து வாயை அடைச்சுக்கும், சோடா வராது. ரிசப்ஷன்ல ஒரு அங்கிள் பாட்டிலை உலுக்கு உலுக்குன்னு உலுக்கிக்கிட்டு இருந்தாரு. நான்தான் போய்த் திருப்பிக் குடுத்தேன். (பரம்பரைத் தொழில், விட முடியுமா.)

ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872ல பேடன்ட் வாங்கின டிசைன் இது. இருபது வருஷத்துல அமெரிக்காவுல கிரவுன் மூடி வந்துருச்சு, தகர மூடி, ஓப்பனர் வச்சு நெம்புவோமே அது. மெதுவா உலகம் அந்தப் பக்கம் போயிருச்சு. இங்கிலாந்துல பழைய கோலி பாட்டில் முழுசா கிடைக்கறது கஷ்டமாம். ஏன் தெரியுமா? பசங்க கோலிக்காக உடைச்சிருக்காங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு தாங்கல. தாத்தாவோட ஜென்ம விரோதி யாருன்னா எங்க தெருப் பசங்கதான். அதே காரணம்.

ஒரு பாட்டிலோட விலைக்கு எத்தனையோ சோடா வாங்கலாம். உள்ள இருக்கறது தண்ணியும் காத்தும்தானே. அதனால பாட்டில் ஒரு தடவை போய் வரலைன்னா, அந்தப் பெட்டியில வந்த லாபம் பூரா போச்சு. நூறு தடவை போய்ட்டு வந்தாத்தான் தாத்தாவுக்கு நாலு காசு. இதுதான் கணக்கு. சோடா கம்பெனின்னு வெளிய பேரு, உள்ள நடந்தது பாட்டில் வாடகைக் கம்பெனி.

அவர்கிட்ட ஒரு நீள நோட்டு இருந்துச்சு. கடைப் பேரு, பக்கத்துல நம்பர். நான் சின்னதுல அது பணம்னு நெனச்சேன். பணம் இல்ல, பாட்டில். எந்தக் கடையில எத்தனை நிக்குதுன்னு. பணபாக்கியை அவரு எழுதவே மாட்டாரு. "அவன் தருவான், எங்க போயிருவான்"னு வாய்க்கணக்குதான். ஆனா பாட்டில்ல ஒண்ணு குறைஞ்சாலும் சைக்கிளை எடுத்துருவாரு. ஒரு டீக்கடைக்காரர் அவருக்கு மாசக்கணக்குல காசு தரல, அதைப் பத்திப் பேச்சே இல்ல. அதே ஆளு மூணு பாட்டில் உடைச்சுட்டாருன்னு தெரிஞ்சதும் கடை வாசல்ல நின்னு போட்ட சத்தம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சுன்னு அப்பா சொல்லுவாரு.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. எங்க பாட்டில் புளியங்குடிக்காரர் பெட்டியில போயிரும். ராஜபாளையத்துக்காரர் பாட்டில் எங்க பெட்டியில வந்துரும். கடைக்காரங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். அதனால மாசத்துக்கு ஒருக்கா சோடாக்காரங்க எல்லாம் ஒரு எடத்துல கூடுவாங்க. சாக்குல அவங்கவங்க கொண்டு வந்ததைக் கொட்டிப் பேரைப் பாத்துப் பிரிச்சு மாத்திக்குவாங்க. யாவாரத்துல போட்டிக்காரங்க. ஒருத்தர் கடையில இன்னொருத்தர் புகுந்தா ஜென்மப் பகை. ஆனா இந்தப் பாட்டில் விஷயத்துல மட்டும் ஒருத்தர் பாட்டில்ல இன்னொருத்தர் சோடா போட்டு விக்க மாட்டாங்க. எழுதாத சட்டம். நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாரும் வெள்ளை வேட்டியில உக்காந்து, ஒவ்வொரு பாட்டிலாத் தூக்கிப் பாத்து, "இது உம்மது, இது நம்மது"ன்னு நகத்திக்கிட்டு இருந்தாங்க. கடைசியில எல்லாரும் டீதான் குடிச்சாங்க. ஒருத்தர் கூட சோடா குடிக்கல.

மெஷின் பத்திச் சொல்லலைன்னா தாத்தா கனவுல வந்து திட்டுவாரு.

காலையில நாலு மணிக்கே எந்திரிச்சிருவாரு. விடிகாலைத் தண்ணி சில்லுன்னு இருக்கும், அதுக்காக. தண்ணி குளிர்ச்சியா இருந்தாத்தான் கேஸ் நல்லா புடிக்கும். சித்திரை, வைகாசியில தொட்டிக்குள்ள ஐஸ் பாரையும் இறக்குவாங்க. (இது பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில வந்தப்போ, "எங்க தாத்தாவுக்குத் தெரியும் மிஸ்"னு கை தூக்கினேன். கிளாஸே சிரிச்சுது.) ஊர்த் தண்ணி உப்பு. அதனால ஊருக்கு வெளிய ஒரு தோட்டத்துக் கிணத்துல இருந்து பீப்பாய் வண்டியில நல்ல தண்ணி வரும். துணியில ரெண்டு தடவை வடிகட்டுவாங்க.

கலர்னா முதல்ல பாட்டில்ல பாகு ஊத்தணும். ஆரஞ்சு, பன்னீர், திராட்சை, இஞ்சி. அப்புறம் ரெண்டு பாட்டிலை மெஷின் கூண்டுக்குள்ள சொருகி, கதவைச் சாத்தி, கைப்பிடியைப் புடிச்சு ஒரே சுத்து. பாட்டில் தலைகீழாப் போகும், தண்ணியும் கேஸும் உள்ள இறங்கும், கோலி தானா வந்து வாயில உக்காரும். நிமித்தும்போது அடைச்சிருக்கும். மூடி போடுற வேலையே இல்ல. இதைக் கண்டுபுடிச்சவன் பெரிய சோம்பேறியா இருக்கணும், இல்ல பெரிய அறிவாளியா இருக்கணும்.

ஆனா சில நேரம் வெடிக்கும். பழைய பாட்டில்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா போச்சு. கூண்டு இருக்கறதே அதுக்குத்தான். அப்படியும் தாத்தாவுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு, வலது கையில ரெண்டு மூணு தையல். மெஷின் சுத்துற மாமா எப்பவும் கெட்டி சாக்குத்துணி கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு. எனக்கு அந்தக் கொட்டகைக்குள்ள காலு வைக்க உரிமை இல்ல. வாசப்படியில நின்னா போதும், "ஏட்டி, கண்ணு போயிரும், அங்கனயே நில்லு"ன்னு சத்தம் வரும். என் அண்ணனுக்கும் அதே சத்தம்தான். ஆம்பளப் புள்ளை பொம்பளப் புள்ளைன்னு பாக்காம சமமாத் திட்டின ஒரே ஆளு எங்க வீட்ல அவருதான்.

இங்க ஒரு உண்மையையும் சொல்லிர்றேன். பழசுன்னாலே எல்லாம் சுத்தம், ஆரோக்கியம்னு எழுதுறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும். சுத்தம்னு பாத்தா கோலி பாட்டில் படுமோசமான டிசைன். பிரஷ் உள்ள போகாது, கோலி மறிக்கும். வாஷர் சந்துல பாகு தங்கும். எங்க கம்பெனியில சோடா உப்பு கரைச்ச சுடுதண்ணியில ஊறப் போட்டு, குலுக்கிக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாத்துத்தான் எடுப்பாங்க. அப்படிப் பாத்துக் கழுவினவங்க இருந்தாங்க, பாக்காம ஊத்தினவங்களும் இருந்தாங்க. வாயில வச்சுக் குடிச்ச வேற யாரோ ஒருத்தரோட வெத்தலைக் கறையை நானே பாத்திருக்கேன். (எங்க பாட்டில்ல இல்ல. சத்தியமா.)

சரி, ஆடித்தபசுக்கு வருவோம்.

சங்கரன்கோவில்ல ஆடி மாசம்னா கோமதி அம்மன் தபசு. சிவனும் பெருமாளும் ஒண்ணுதான்னு காட்டச் சொல்லி அம்மன் தவம் இருந்த கதை. சாமி சங்கரநாராயணரா காட்சி குடுக்கற அன்னிக்கு சுத்துப்பட்டு ஊரே வந்து நிக்கும். பருத்தி, மிளகா வத்தல், நெல்லுன்னு விளைஞ்சதை அம்மன் மேல வீசுவாங்க. கொடி ஏறின நாள்ல இருந்தே ஆடிச்சுத்து சுத்துறவங்க வேற. 108 சுத்து, அதுக்கு மேலயும்னு வேண்டிக்கிட்டு ஓட்டமும் நடையுமா கோயிலைச் சுத்துவாங்க. புழுதி, காத்து, கூட்டம். அந்தப் பத்துப் பன்னெண்டு நாள்தான் எங்க குடும்பத்துக்கு வருஷ வருமானம். வீட்ல எல்லாருக்கும் டியூட்டி இருக்கும். எனக்கு என்ன டியூட்டின்னு சொல்லவும் வேணுமா? குடிச்சு முடிச்சவங்க பின்னாலயே நின்னு பாட்டில் வாங்குறது. ஆளுங்க சாமியைப் பாப்பாங்க, நான் அவங்க கையைப் பாப்பேன்.

கூட்டத்துல யாராவது மயங்கி விழுந்தா ஒரே குரல்தான்: "சோடா, சோடா கொண்டாங்கப்பா!" தமிழ்நாட்டுல மயக்கத்துக்கு முதல் வைத்தியம் அது. மூஞ்சியில சோடா பீச்சி அடிச்சாத்தான் கண்ணு முழிப்பாங்க. வெறும் தண்ணி அடிச்சா முழிக்க மாட்டாங்களான்னு ஒருநாள் தாத்தாகிட்ட கேட்டேன். "முழிப்பாக. ஆனா சோடா சத்தத்துக்குக் கூட்டம் வெலகும்லா. காத்து வரும்"னாரு. மயக்கத்துக்கு உடைச்ச சோடாவுக்கு அவரு காசு வாங்கினதே இல்ல. பாட்டிலை மட்டும் கவனமா வாங்கிருவாரு.

கட்சிக் கூட்டத்துக்கும் எங்க சோடாதான். எல்லாக் கட்சிக்கும். மேடையில பேச்சாளர் பேசிக்கிட்டே இருப்பாரு, நடுவுல ஒருத்தர் குனிஞ்சு வந்து சோடாவை உடைச்சு நீட்டுவாரு. எங்க தலைமுறைக்கு அந்தக் காட்சி மறக்காது. இதுல தாத்தாவோட தொழில் ரகசியம் ஒண்ணு இருக்கு: மேடைக்குப் போற பெட்டியில கேஸைக் கொஞ்சம் குறைச்சுத்தான் போடுவாரு. ஏன்னா முழு கேஸ் சோடாவை மடமடன்னு குடிச்சிட்டு மைக் முன்னால நின்னா என்ன ஆகும்? ஏப்பம். ஊர் பூரா நாலு குழாய் ஸ்பீக்கர்ல ஏப்பம். ஒரு கூட்டத்துல அப்படி ஆகி, எதிர்க்கட்சிக்காரன் காசு குடுத்துச் செஞ்சதுன்னு பஞ்சாயத்து வந்துருச்சாம். அதுக்கப்புறம் "மேடைப் பெட்டி"ன்னு தனியாவே அடுக்குவாங்க.

பாட்டில் பறந்த கதையும் உண்டு. ஊர்ல எங்கயாவது தகராறுன்னா முதல்ல காணாமப் போறது சோடா பாட்டில்தான். கேஸ் நெறஞ்ச பாட்டிலை வீசினா சின்ன வெடி. அதனால பதட்டம்னா போலீஸ் முதல்ல சோடாக்கடையைத்தான் மூடச் சொல்லும். அப்படி ஒரு சண்டை முடிஞ்ச மறுநாள், தெருவுல பொறுக்கின கண்ணாடித்துண்டை ஸ்டேஷன்ல வச்சுக்கிட்டு தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. துண்டுல ஆச்சி பேரு. பாதிப் பேரு. தப்பான ஸ்பெல்லிங்ல.

விசாரிச்சாங்க, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி ஆடின ஆட்டம் இருக்கே. "நான் இந்த வாசப்படியத் தாண்டி சத்தம் போட்டுப் பேசினது கிடையாது. எம்பேரு போலீஸ் ஸ்டேஷன் ஏறிட்டு!" தாத்தா ரொம்ப வருத்தமா உக்காந்திருந்தாரு. ஆச்சிக்கு சமாதானம் சொல்லத்தான் போறாருன்னு எல்லாரும் பாத்தோம். "மொத்தம் முப்பது பாட்டிலாவது போயிருக்கும்"னாரு.

தாத்தா கையால லெமன் சோடா குடிச்சவங்க பாக்கியசாலிங்க. எலுமிச்சை எங்களுக்குப் பக்கத்து ஊரு. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை தெரியாதவங்க எங்க பக்கம் கிடையாது. வீட்ல நானும் பல தடவை கடை சோடாவை வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன். சோடாவை ஊத்திட்டு உப்பைப் போட்டா பொங்கி டேபிள் பூரா ஓடும், கேஸும் போயிரும், மிஞ்சுறது உப்புத் தண்ணி. முதல்ல கிளாஸ்ல சாறும் உப்பும். அதை ஸ்பூனால நல்லாக் கரைக்கணும், ஒரு கல்லு கூடத் தங்கக் கூடாது. அப்புறம் கிளாஸைச் சாய்ச்சு, ஓரமா, பையப் பைய சோடா. அதுக்கு மேல கலக்கக் கூடாது. தாத்தா இதைச் சொல்லிக் குடுத்ததில்ல. செய்றதைப் பாத்துக்கிட்டே இருந்ததுல வந்ததுதான். பாத்ததை நான் செஞ்சு புடிக்கறதுக்குப் பல எலுமிச்சம்பழம் செலவாச்சு.

எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? நிதானமாத்தான் முடிஞ்சுது.

1977ல, வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு ஒத்துக்காம கோக்ககோலா இந்தியாவை விட்டுப் போச்சு. அந்த பதினாறு வருஷம் ஊருக்கு ஊரு கலர் கம்பெனிக்கு நல்ல காலம். எங்க பக்கம் பெரிய ஆளுன்னா விருதுநகர்ல 1916ல ஆரம்பிச்ச காளிமார்க்தான். அவங்க பொவன்டோ இல்லாத விசேஷம் கிடையாது. தாத்தா அவங்களைப் போட்டியாவே நெனச்சதில்ல. "அது கடல், நாம ஊருணி"ன்னுவாரு. 1993ல கோக் திரும்பி வந்துச்சு, வந்த கையோட கோல்ட் ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப்பையெல்லாம் வாங்கிருச்சு. அதுகூடப் பெரிய அடி இல்ல. எங்க ஊர் டீக்கடையில மதியம் சாப்பிட்டு வயிறு மந்தமா வர்றவரு சோடாதான் கேப்பாரு.

அடி எங்க விழுந்துச்சுன்னா, பிளாஸ்டிக் பாட்டில்ல.

முதமுதல்ல ஒரு கடையில அந்த பாட்டிலைப் பாத்தப்போ தாத்தா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்திருக்காரு. "இத யாரு வந்து எடுப்பாக?"ன்னு கேட்டிருக்காரு. "யாரும் எடுக்க மாட்டாக அண்ணாச்சி. குடிச்சிட்டுத் தூரப் போட்ருவாக." தாத்தா நம்பல. ஒண்ணு காசு குடுத்து வாங்கி, அங்கயே வாசல்ல ஊத்திட்டு, (ஒரு வாய் கூடக் குடிக்கல) வெறும் பாட்டிலோட வீட்டுக்கு வந்தாரு. ஆச்சி அதுல ரொம்ப வருஷம் நல்லெண்ணெய் ஊத்தி வச்சிருந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னாராம்: "பாட்டில் திரும்பி வர வேண்டாம்னு ஒருத்தன் யாவாரம் பண்ணுதான்னா, அவன்கூட நம்மளால மல்லுக்கட்ட முடியாது." அவரோட அத்தனை வருஷத் திறமையும் எதுல இருந்துச்சோ, அந்த வேலையே இனி தேவையில்லன்னு புரிஞ்சுக்கிட்டாரு. எங்க வீட்ல மத்த யாருக்கும் அது அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

90கள் கடைசியில கம்பெனியை மூடினாரு. மெஷின் எடைக்குப் போச்சு. பெட்டி விறகாச்சு. பாட்டிலை மட்டும் காயலான் கடைக்குப் போட விடல. புளியங்குடி, ராஜபாளையம், கழுகுமலைன்னு அதே பழைய போட்டிக்காரங்களைத் தேடிப் போய், ஆளுக்கு ரெண்டு பெட்டி மூணு பெட்டின்னு குடுத்துட்டு வந்தாரு. காசு வாங்கல. "ஓடட்டும்"னாரு. அந்த எழுதாத சட்டத்தை அவரே தளர்த்திக் குடுத்தாரு, எம் பாட்டில்ல உம்ம சோடாவைப் போட்டுக்கிடும்னு.

அதுக்கப்புறம் அவரு நாலு வருஷம்தான் இருந்தாரு. அவரு போனதுக்கு அப்புறமும் ஆச்சி பேரு அந்தப் பக்கம் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. கழுகுமலைக்குப் போன சித்தி ஒரு சோடா குடிச்சிட்டு, கெஞ்சி அந்த பாட்டிலை வாங்கிட்டு வந்து ஆச்சி கையில குடுத்தாங்க. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்தைத் தடவிப் பாத்தாங்க. "இன்னும் அலையுதா எம்பேரு"ன்னாங்க. அடுத்ததா, "கடைக்காரன் பாட்டிலை ஏன் எடுத்துட்டு வந்த? அவனுக்கு நட்டம்லா"ன்னு சித்திக்கு நல்ல திட்டு.

2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்து, அந்த வேகத்துல மார்ச் 1ல இருந்து வெளிநாட்டுக் குளிர்பானம் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் சொன்னாங்களே, அப்போ எங்க சித்தப்பா ஒரு துள்ளு துள்ளினாரு. திரும்ப ஆரம்பிப்போம்னு. பாட்டில் விலையை விசாரிச்சாரு, அடங்கிட்டாரு. அதே வருஷம் ஜூலையில கலருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, மேல 12 சதவீத செஸ். (இப்ப ரெண்டையும் ஒண்ணாக்கி 40ன்னு வச்சிருக்காங்க.) கொட்டகையில ஒரு மெஷின் வச்சு பன்னீர் சோடா போடுற ஆளுக்கும் அதே வரி, உலகம் பூரா விக்கறவனுக்கும் அதே வரி. இது எனக்கு நியாயமாப் படல.

2025ல மத்திய அரசே கோலி சோடாவை வேற பேரு வச்சு அமெரிக்கா, இங்கிலாந்து, வளைகுடான்னு ஏத்துமதி பண்றதா அறிவிச்சுது. காட் துரை ஊருக்கே திரும்பப் போகுது. போகட்டும், நல்லதுதான். ஜப்பான்ல இதே மாதிரி பாட்டில்லதான் ராமுனேன்னு ஒண்ணு நூறு வருஷத்துக்கு மேலா விக்கிறாங்க, அங்கயும் திருவிழான்னா அதுதான். எனக்கு ஏத்துமதி மேல கோவம் இல்ல. ப்ளூபெர்ரி மேல கூட இல்ல. ஞாபகத்துக்கு விக்கிறோம்னு சொல்லிட்டு, அந்தத் தொழில்ல இருந்த ஒரே ஒழுக்கத்தை மட்டும் ட்ரம்முல போட்டுட்டீங்களேன்னுதான்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல யாராவது இன்னும் கண்ணாடி பாட்டில்ல கோலி சோடா போட்டுக்கிட்டு இருந்தா, நின்னு குடிங்க, பாட்டிலைக் கையில குடுத்துட்டு நகருங்க. பரண்ல பழைய கோலி பாட்டில் கிடந்தா அதுல மணி பிளான்ட் வைக்காதீங்க, ஆன்டிக்னு ஆன்லைன்ல ஏத்தாதீங்க. அந்த சோடாக்காரர்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க. விரிசல் இல்லைன்னா, ஒரு வாஷர் மாத்தினாப் போதும், இன்னிக்கும் ஓடும்.